குவாண்டம் கணினி வரும் முன் சாவிகளை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இணையத்தில் இன்று புழங்கும் குறியாக்கத்தை உடைக்கும் அளவுக்குப் பெரிய குவாண்டம் கணினி யாரிடமும் இருப்பதாக இதுவரை சான்று இல்லை. இருந்தும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஒரு மருத்துவமனையின் சர்வருக்கும் நோயாளியின் போனுக்கும் இடையே போகும் தகவலை வழியில் இருப்பவர் அப்படியே பதிவு செய்து வைத்துக்கொள்ள முடியும். இன்றைக்கு அது அவருக்கு வெறும் குப்பை. பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தகுந்த கணினி கிடைத்தால் உட்கார்ந்து திறந்து படித்துவிடுவார். ஆகவே கணினி வரும் நாளை உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ரகசியம் எத்தனை ஆண்டுகள் ரகசியமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் கெடுவைத் தீர்மானிக்கிறது.

சர்வர் பராமரிப்பவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள், கூட்டுறவு வங்கி, கல்லூரி, மருத்துவமனை போன்ற இடங்களில் கணினிப் பிரிவைத் தாங்கி நிற்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கணிதப் பட்டம் தேவையில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பொறுத்துச் செய்வது என்ற வரிசை தெரிந்தால் போதும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களைப் பற்றி மாதக்கணக்கில் கவலைப்பட்டு, இரண்டு கணினிகள் ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் சாவிப் பரிமாற்றத்தை, ஒரு நாளில் முடியும் அந்த வேலையை, தள்ளிப்போடுகிறார்கள்.

எது உடையும், எது நிற்கும்

பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர், பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வேலையைக் குவாண்டம் கணினி விரைவாக முடித்துவிடும் என்று 1994இல் காட்டினார். அந்த வேலை மிகக் கடினம் என்ற நம்பிக்கையில்தான், எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாவியால் மூடி ரகசியச் சாவியால் திறக்கும் பொதுச்சாவி முறையான ஆர்எஸ்ஏ நிற்கிறது. ஷோரின் முறை டிஃபி-ஹெல்மன் பரிமாற்றத்தையும், நீள்வட்ட வளைவுகளை வைத்துக் கட்டிய முறைகளையும் சேர்த்தே வீழ்த்தும். முன்பின் அறியாத இரண்டு கணினிகள் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்வதும், தான் இன்னார் என்று கையொப்பத்தால் நிரூபிப்பதும் பெரும்பாலும் இவற்றை நம்பித்தான் நடக்கின்றன.

ஒரே சாவியால் மூடித் திறக்கும் ஏஇஎஸ், தரவிலிருந்து கைரேகை போன்ற ஒரு சிறு எண்ணை (ஹேஷ்) எடுக்கும் ஷா-2 போன்றவற்றின் நிலை வேறு. 1996இல் லவ் குரோவர் கண்டுபிடித்த முறை, சாவியை ஒவ்வொன்றாகத் தேடும் வேலையை வர்க்கமூல அளவுக்குக் குறைக்கும். கணக்குப்படி ஏஇஎஸ்-256இன் பலம் 128 பிட் என்றாகும். அந்த 128 பிட்டும் எட்டாத உயரம்தான். எனவே வன்தட்டு, தரவுத்தளம் ஆகியவற்றின் ஏஇஎஸ்-256 குறியாக்கத்தைத் தொட வேண்டாம். அதற்கு மாற்று தருகிறோம் என்று யாராவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க 2 கோடி கியூபிட்களும் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) 8 மணி நேரமும் போதும் என்று 2019இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெரோவும் கணித்தார்கள். 2025 மே மாதம் கிட்னி கணக்கைத் திருத்தினார். அதன்படி 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட்களை வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்கலாம். அத்தனை கியூபிட் உள்ள கணினி இன்று கிடையாது. ஆனால் தேவைப்படும் அளவு ஆறே ஆண்டுகளில், காகிதத்திலேயே, இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. கணினி எவ்வளவு வளர்கிறது என்று மட்டும் கவனிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

புதிய தரநிலைகளை ஏன் நம்பலாம்

2016 டிசம்பரில் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் உலகத்தைப் பார்த்து ஒரு அழைப்பு விடுத்தது: குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத பொதுச்சாவி முறைகளை அனுப்புங்கள், எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்து அனைவரும் தாக்கிப் பார்க்கலாம். 2017 நவம்பர் கெடுவுக்குள் 82 முறைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் 69 முதல் சுற்றுக்குள் நுழைந்தன. 2019இல் 26 மிஞ்சின. 2020இல் ஏழு இறுதிப் போட்டியாளர்களும் எட்டு மாற்று முறைகளும் நின்றன.

இதில் நான் மிகவும் மதிப்பது தோல்விகளைத்தான். ரெயின்போ என்ற கையொப்ப முறை இறுதிச் சுற்று வரை வந்தது. 2022 தொடக்கத்தில் வார்ட் பியூலன்ஸ் அதன் மிகச் சிறிய அளவை ஒரே வார இறுதியில், ஒரு மடிக்கணினியை வைத்து உடைத்தார். சைக் என்ற சாவிப் பரிமாற்ற முறைக்கு அதைவிடக் கடுமையான முடிவு. 2022 ஜூலையில் நான்காம் சுற்றுக்குத் தேர்வான அது, சில வாரங்களுக்குள் விழுந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூட்டர் காஸ்ட்ரிக்கும் தாமஸ் டெக்ரூவும் சாதாரணச் செயலியின் ஒரே ஒரு கோரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சாவியை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது எர்ன்ஸ்ட் கானி என்ற கணிதவியலாளர் 1997இல் நிறுவிய ஒரு தேற்றம். குறியாக்கத்துக்கும் அதற்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு முறைகளையும் வீழ்த்தியவை சாதாரணக் கணினிகளே, குவாண்டம் கணினிகள் அல்ல.

இந்தத் தோல்விகள் போட்டிக்கு இழுக்கு என்று சிலர் எழுதினார்கள். அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் மூடிய அறையில் உருவாகியிருந்தால் சைக் இன்று உங்கள் வங்கியின் செயலிக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் உலகம் முழுவதும் தாக்கியும் விழாமல் நிற்பதுதான் இந்தத் துறையில் கிடைக்கக்கூடிய சான்று. அதனால்தான் சொந்தமாக அல்காரிதம் எழுதாதீர்கள், ரகசிய அல்காரிதம் வைத்திருப்பதாகச் சொல்பவரிடம் வாங்காதீர்கள் என்கிறேன்.

2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரநிலைகள் வெளியாயின. கைபர் என்று அறியப்பட்டது சாவிப் பரிமாற்றத்துக்கான எம்எல்-கெம் ஆனது. டைலித்தியம் கையொப்பத்துக்கான எம்எல்-டிஎஸ்ஏ ஆனது. ஸ்ஃபிங்க்ஸ்-பிளஸ் என்பது எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ என்ற பெயரில் வந்தது. முதல் இரண்டும் லாட்டிஸ், அதாவது ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளின், கணிதத்தின் மேல் நிற்பவை. பத்தாம் வகுப்பில் இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்து எக்ஸ், ஒய் கண்டுபிடித்திருப்போம். நூற்றுக்கணக்கான மாறிகள் உள்ள சமன்பாடுகளை எடுத்து, ஒவ்வொன்றின் விடையிலும் ஒரு சிறு பிழையை வேண்டுமென்றே கலந்துவிட்டால், நமக்குப் பழக்கமான தீர்வு முறைகள் எல்லாம் சிதறிப்போகும். 2005இல் ஓடெட் ரெகெவ் இந்தச் சிக்கலை முன்வைத்தார். இதன் ஒரு வடிவம்தான் எம்எல்-கெம்முக்கு அடித்தளம். மூன்றாவது தரநிலை ஹேஷ் சார்புகளை மட்டும் நம்புகிறது. அடித்தளம் மிகப் பழையது, அளவோ மிகப் பெரியது.

லாட்டிஸ் மட்டும் என்றென்றைக்கும் நிற்குமா? 2024 ஏப்ரலில் யிலெய் சென் என்ற ஆய்வாளர் லாட்டிஸ் சிக்கலைக் குவாண்டம் கணினியால் தீர்க்கலாம் என்று ஒரு கட்டுரை வெளியிட்டபோது துறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சுமார் ஒரு வாரத்தில் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது, அவரும் ஒப்புக்கொண்டார். எனினும் அந்த ஒரு வாரம் சொன்ன செய்தி முக்கியம்: எல்லாவற்றையும் ஒரே கணிதத்தின் மேல் வைக்கக் கூடாது. 2025 மார்ச்சில் பிழைதிருத்தும் குறிகளை அடிப்படையாகக் கொண்ட ஹெச்க்யூசி முறையை நிஸ்ட் இன்னொரு சாவிப் பரிமாற்ற முறையாகத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். கீழே நான் பரிந்துரைக்கும் கலப்பு முறைக்கும் இதுவே காரணம்.

முதல் படி: ரகசியங்களுக்கு வயது குறியுங்கள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் மோஸ்கா ஒரு எளிய கணக்கைத் தந்தார். ரகசியம் காக்கப்பட வேண்டிய ஆண்டுகளையும், உங்கள் அமைப்பை மாற்றி முடிக்கப் பிடிக்கும் ஆண்டுகளையும் கூட்டுங்கள். குவாண்டம் கணினி வரப் பிடிக்கும் ஆண்டுகளைவிடக் கூட்டுத்தொகை அதிகமென்றால், ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

ஒருமுறைக் கடவுச்சொல்லின் ஆயுள் சில நிமிடங்கள். அட்டை எண்ணுக்குச் சில ஆண்டுகள். நோயாளியின் மனநலக் குறிப்பு, கைரேகைப் பதிவு, ஒரு பத்திரிகையாளருக்குச் செய்தி தந்தவரின் பெயர் ஆகியவற்றுக்கு ஒரு மனித ஆயுள். ஒரு தாளில் இந்த மூன்று வகைகளையும் எழுதி, உங்களிடம் இருப்பவற்றை அவற்றில் போடுங்கள். கடைசி வகையில் ஒன்று விழுந்தாலே மூன்றாம் படிக்கு உடனே போகலாம், இரண்டாம் படி முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எங்கெல்லாம் குறியாக்கம் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள்

சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2025இல் வெளியிட்ட தொழில்நுட்ப வழிகாட்டுதல்களில் இத்தகைய குறியாக்கப் பட்டியலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வெப் சர்வர் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோகிறவற்றைத்தான் தேட வேண்டும்: மின்னஞ்சல் சர்வர், தரவுத்தள இணைப்புகள், கிளைகளுக்கு இடையேயான விபிஎன், கணக்காளர் வீட்டிலிருந்து நுழையும் வழி, மேகத்தில் ஏற்றிவைத்த பேக்கப், உள்நுழைவு டோக்கன்களில் உள்ள கையொப்பம், வாசலில் இருக்கும் கைரேகைக் கருவி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள் போதும். எந்த அல்காரிதம், அது சாவிப் பரிமாற்றத்துக்கா கையொப்பத்துக்கா, அதை மாற்றும் உரிமை உங்களிடமா விற்றவரிடமா, முதல் படியில் குறித்த வயது என்ன.

ஒரு எச்சரிக்கை. பயனரின் இணைப்பு உங்கள் சர்வரில் முடிகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் லோடு பேலன்ஸரிலோ, தளத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்துப் பரிமாறும் சிடிஎன் நிறுவனத்திலோ அது முடியலாம். அப்படியானால் பயனரிலிருந்து சிடிஎன் வரை ஒரு பாதை, சிடிஎன்னிலிருந்து உங்கள் சர்வர் வரை இன்னொரு பாதை. முதல் பாதையை அந்த நிறுவனம் மாற்றியிருந்தாலும் இரண்டாவது பழையபடியே இருக்கலாம். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

மூன்றாம் படி: சாவிப் பரிமாற்றத்தை மாற்றுங்கள்

இன்று பதிவு செய்து நாளை உடைக்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது, அதனால் இதுவே முதல் வேலை. நல்ல வேளையாக இதுவே எளிதானதும்கூட.

வலைத்தள இணைப்பைக் குறியாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்ற கலப்புப் பரிமாற்றம் நடைமுறையில் பொதுவான தேர்வாகிவிட்டது. நீள்வட்ட வளைவு முறையான பழைய எக்ஸ்25519 ஒரு ரகசியம் தருகிறது, எம்எல்-கெம்-768 இன்னொன்று தருகிறது, இரண்டையும் சேர்த்துத்தான் இறுதிச் சாவி பிறக்கிறது. உடைக்க நினைப்பவர் இரண்டையும் உடைக்க வேண்டும். நாளை லாட்டிஸில் ஓட்டை விழுந்தாலும் இன்றைய பாதுகாப்பைவிடக் கீழே போகமாட்டீர்கள்.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் 2024இன் இறுதிக்குள் இதை ஏற்றுவிட்டன. சர்வர் பக்கம், ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 2025 ஏப்ரலில் வந்த 3.5 பதிப்பு இதை இயல்பாகவே முன்வைக்கிறது. எனவே உங்கள் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான்: ஓபன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பித்து, என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி வெப் சர்வரை அதோடு இணைத்து ஓட்டுங்கள். டிஎல்எஸ் 1.3 இயங்குகிறதா என்று பாருங்கள், கலப்பு முறை அதற்கு முந்தைய பதிப்பில் கிடையாது. பிறகு கட்டமைப்புக் கோப்பைத் திறந்து, அனுமதிக்கப்பட்ட வளைவுகளின் பட்டியல் கையால் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பாதுகாப்பை இறுக்குவதற்காக எப்போதோ ஒருவர் எழுதிவைத்த அந்த ஒரு வரி, புதிய முறையை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால், எந்தப் பரிமாற்றம் நடந்தது என்று பெயரோடு தெரியும்.

செயலியின் சுமை பற்றிக் கவலை வேண்டாம், எம்எல்-கெம் வேகமானது. கவனிக்க வேண்டியது அளவு. பழைய முறையில் பிரவுசர் 32 பைட் அனுப்பியது. இப்போது 1,216 பைட் அனுப்புகிறது. மற்ற விவரங்களும் சேர்வதால் முதல் வணக்கச் செய்தி ஒரே பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாகப் பிரியும். எல்லாம் ஒரே பொட்டலத்தில் வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட சில பழைய ஃபயர்வால்களும் கண்காணிப்புக் கருவிகளும் அந்த இணைப்பைத் துண்டித்துவிடும். சிலருக்கு மட்டும் தளம் திறக்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஃபயர்வாலுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், புதிய பரிமாற்றத்தை நிறுத்திவைக்காதீர்கள்.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இன்னும் எளிது. ஓபன்எஸ்எஸ்ஹெச் 2022இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் கலப்பு முறையை இயல்பாக வைத்திருக்கிறது. 2025இன் 10.0 பதிப்பில் அது எம்எல்-கெம் கலப்பாக மாறியது. 10.1இலிருந்து மறுமுனை பழைய முறையில் பேசினால் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையை அணைக்காமல் பட்டியலில் சேருங்கள். விபிஎன்னில், வயர்கார்டு பயன்படுத்துபவர்கள் முன்பகிர்ந்த சாவியைச் சேர்க்கும் வசதியை இயக்கலாம். அந்தச் சாவியை நேரில் கொண்டுபோய்ப் போடுங்கள், மின்னஞ்சலில் அனுப்பினால் பயனில்லை. ஐபிசெக் விபிஎன் ஓட்டுபவர்கள் கருவி விற்றவரிடம், பல சாவிப் பரிமாற்றங்களைச் சேர்த்து நடத்த வழிசெய்யும் ஆர்எஃப்சி 9370 தரநிலைக்கு ஆதரவு உண்டா என்று கேளுங்கள்.

நான்காம் படி: சேமித்த தரவு

பேக்கப் ஏஇஎஸ்-256ஆல் மூடப்பட்டிருக்கும். ஆனால் அந்த ஏஇஎஸ் சாவியை எது மூடியிருக்கிறது? ஆர்எஸ்ஏ பொதுச்சாவி என்றால், வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுச் சாவியை வாசல் தொட்டிச் செடியின் அடியில் வைத்ததற்குச் சமம். சாவியை மட்டும் புதிய முறையில் மீண்டும் மூடினால் போதும், முழுத் தரவையும் திரும்பக் குறியாக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். பழைய பிரதி ஏற்கெனவே வெளியே போயிருந்தால் இந்த மாற்றம் அதைக் காப்பாற்றாது. நீண்ட ஆயுள் உள்ள ரகசியங்களின் தேவையற்ற பழைய பிரதிகளை இன்றே அழிப்பதும் இந்த வேலையின் பகுதிதான்.

ஐந்தாம் படி: கையொப்பங்கள்

இங்கே நிதானிக்கலாம். கையொப்பத்தை எதிர்காலத்தில் போலியாக உருவாக்க முடிந்தாலும் நேற்று நடந்து முடிந்த உரையாடல் அதனால் திறந்துகொள்ளாது. அளவும் பெரிய தடை. இன்றைய எட்25519 கையொப்பம் 64 பைட். எம்எல்-டிஎஸ்ஏ-65 கையொப்பம் 3,309 பைட். எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏவில் மிகச் சிறியதே 7,856 பைட். ஒரு வலைத்தள இணைப்பில் பல கையொப்பங்கள் பயணிப்பதால் இந்தச் சுமையை எப்படிக் குறைப்பது என்று பிரவுசர் நிறுவனங்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பொதுத் தளங்களின் சான்றிதழ்களுக்கு அவர்கள் வழி சொல்லும் வரை பொறுங்கள்.

பொறுத்திருக்கும் நேரத்தில் சான்றிதழ் புதுப்பிப்பைத் தானியங்கியாக்குங்கள். 2029 மார்ச்சில் பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 47 நாட்களாகக் குறையப்போகிறது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் அதோடு முடிந்துவிடும். தானியங்கி ஏற்பாடு இருந்தால் புதிய அல்காரிதம் வரும் நாளில் மாறுவதும் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு எளிதாகும்.

பொறுக்கக் கூடாத இடம் ஃபர்ம்வேர். மின்மீட்டர், வாகனம், மருத்துவக் கருவி போன்றவற்றில் சரிபார்க்கும் சாவி தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகிறது, கருவியோ இருபது ஆண்டுகள் ஓடும். அந்தச் சாவி ஆர்எஸ்ஏவாக இருந்தால் பின்னால் மாற்ற வழியே இருக்காது. இதற்கு எல்எம்எஸ், எக்ஸ்எம்எஸ்எஸ் என்ற ஹேஷ் கையொப்பங்களை நிஸ்ட் 2020இலேயே அங்கீகரித்தது. அவற்றில் ஒரு உட்சாவியை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். இரண்டு முறை பயன்படுத்தினால் போலி செய்ய வழி திறந்துவிடும். கையொப்பமிடும் கணினியைப் பழைய பேக்கப்பிலிருந்து மீட்கும்போது இந்தத் தவறு மிக எளிதாக நடக்கும். அந்த ஒழுங்கைக் கட்டிக்காக்க ஆள் இல்லையென்றால் எம்எல்-டிஎஸ்ஏ-87 அல்லது எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ பக்கம் போங்கள்.

ஆறாம் படி: நிரல் எழுதுபவர்களுக்கு

நூலகத்தைப் பயன்படுத்துங்கள். ஜாவா 24, கோ 1.24, ஓபன்எஸ்எஸ்எல் 3.5 ஆகியவற்றில் எம்எல்-கெம் உள்ளேயே இருக்கிறது. தரநிலையைப் படித்து நாமே எழுதிவிடலாம் என்று தோன்றுபவர்களுக்கு கைபர்ஸ்லாஷ் என்ற ஓட்டை நினைவிருக்கட்டும். ரகசிய மதிப்பின் மேல் நடந்த ஒரே ஒரு வகுத்தல், செயலி எடுத்துக்கொள்ளும் நேரத்தின் வழியாகச் சாவியைக் கசியவிட்டது. கணிதம் சரி, நிரலின் விடையும் சரி, கசிவு மட்டும் கடிகாரத்தில். தேர்ந்தவர்கள் எழுதிய நிரல்களிலேயே 2023இன் இறுதி வரை அது கிடந்தது.

எம்எல்-கெம்மில் இன்னொரு இயல்பு புதியவர்களைக் குழப்பும். சேதமான மறைச்செய்தியைக் கொடுத்தால் அது பிழை என்று சொல்லாது, சம்பந்தமில்லாத ஒரு சாவியை அமைதியாகத் திருப்பித் தரும். தாக்குபவருக்கு எந்தத் துப்பும் கிடைக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. எனவே பிழைச் செய்தியை எதிர்பார்த்துச் சோதனை எழுதாதீர்கள். இரு பக்கச் சாவியும் பொருந்தவில்லை என்பது அடுத்த கட்டத்தில்தான் தெரியும். போட்டிக் காலத்துக் கைபரும் இறுதித் தரநிலையும் ஒன்றோடொன்று பேசாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கைபர் நூலகம் எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தரவுத்தளத்தில் கையொப்பத்துக்கு 256 எழுத்து என்று எல்லை வைத்த பத்திகளை இப்போதே விரியுங்கள். டோக்கனை எம்எல்-டிஎஸ்ஏ-65ஆல் கையொப்பமிட்டால் கையொப்பம் மட்டுமே 4,400 எழுத்துகளைத் தாண்டும். பல சர்வர்களில் தலைப்புப் பகுதிக்கான எல்லை 8 கிலோபைட் அளவில் இருப்பதால் அதையும் சோதியுங்கள். அல்காரிதத்தின் பெயரை நிரலுக்குள் புதைக்காமல் கட்டமைப்பில் வையுங்கள்.

ஏழாம் படி: விற்பவரிடம் கேட்க வேண்டியவை

எந்தத் தரநிலை, எந்த அளவு, எந்தப் பதிப்பிலிருந்து, எந்தத் தேதியில்? இந்த நான்கு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். "குவாண்டம் பாதுகாப்பு" என்ற சொல் மட்டும் பதிலாக வந்தால் அது பதில் அல்ல. குவாண்டம் சாவி விநியோகம் என்று ஒளியிழையோடு ஒரு கருவியைக் காட்டுபவர்களும் வருவார்கள். அது வேறு தொழில்நுட்பம், சிறப்பான ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் மறுமுனையில் இருப்பவர் யார் என்று அது சொல்லாது, அதற்கு வேறொரு ஏற்பாடு வேண்டும். ஒரு கல்லூரிக்கோ நடுத்தர நிறுவனத்துக்கோ அதில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

2048 பிட் ஆர்எஸ்ஏ போன்றவற்றை 2030க்குப் பிறகு கைவிடச் சொல்லவும், ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு இரண்டையும் 2035க்குப் பிறகு அறவே அனுமதிக்காமல் விடவும் நிஸ்ட் 2024 நவம்பரில் வரைவு ஒன்றை வெளியிட்டது. இன்று வாங்கும் ஃபயர்வாலும் சாவிக் காப்புக் கருவியும் அந்த ஆண்டுகளிலும் உங்கள் அறையில் ஓடிக்கொண்டிருக்கலாம். எனவே மேலே உள்ள நான்கு பதில்களையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சேருங்கள். பழைய கருவிகளுக்கு அடுத்த பராமரிப்புப் புதுப்பிப்பின்போது அதே கேள்விகளை அனுப்பி, வரும் பதிலை இரண்டாம் படியின் பட்டியலில் அந்தக் கருவியின் வரியில் தேதியோடு எழுதுங்கள்.